உறுதியான பரண் அமைக்கும் முறை

கொல்லிமலைக்குச் சென்றவர்கள் செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் கண்டிருப்பார்கள். ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒருங்கே வீழ்த்தியது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அந்த ஐந்தில் யானையும் புலியும் இன்று செம்மேட்டு உழவருக்குத் தொல்லை தருவதில்லை. மானும் பன்றியும் அப்படியல்ல. சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் புனங்களிலும், மரவள்ளித் தோட்டங்களிலும் பன்றிக் கூட்டம் ஓரிரவு புகுந்தால், ஆறு மாத உழைப்பு விடிவதற்குள் மண்ணோடு மண்ணாகிவிடுகிறது. கதிர் முற்றும் பருவத்தில் பகலில் கிளியும் மயிலும் வேறு வருகின்றன.

ஓரியின் வில்லை நாம் எடுக்க முடியாது; எடுக்கவும் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதன் 9-ஆம் பிரிவில் அட்டவணை விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்துள்ளது. புள்ளிமான், கடமான், கேளையாடு, சருகுமான் ஆகிய எந்த மானும் இதற்கு விலக்கன்று. காட்டுப்பன்றியின் பொருட்டுத் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. அதன்படி, காப்புக் காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை அதனைப் பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுட இடமுண்டு. அதையும் வனத்துறையினரே செய்வர். கொல்லிமலையின் புனங்களோ பெரும்பாலும் காட்டை ஒட்டியே இருக்கின்றன. ஆகவே அங்குள்ள விவசாயிக்குத் துப்பாக்கியால் வரும் உதவி சொற்பமே. அவுட்டுக்காய் வைப்பதும், மின்கம்பியிலிருந்து நேரே மின்சாரம் எடுத்து வேலியில் பாய்ச்சுவதும் குற்றம் என்பதோடு, பன்றிக்கு வைத்ததில் பக்கத்து வயல்காரர் மாண்டுபோன செய்திகளை நாம் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம்.

எஞ்சி நிற்பது பரண் ஒன்றே. உயரத்தில் ஒரு மேடை. அதில் விழித்திருக்கும் ஒரு மனிதர். கையில் ஒரு தகரமும் விளக்கும். இதைவிடப் பழைய பயிர்ப்பாதுகாப்பு முறை நம் நாட்டில் இல்லை எனலாம். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் மரத்தின்மேல் அமைத்த காவல் மேடைக்கு இதணம் என்று பெயர். தழல், தட்டை, குளிர் என்னும் கிளியோட்டும் கருவிகளும் அங்கே சொல்லப்படுகின்றன. இலங்கையில் காடு வெட்டிச் சேனைப்பயிர் செய்வோரும் யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி மரக்கிளைகளில் காவற்குடில் கட்டி இரவைக் கழித்தவர்களே. வடநாட்டில் இதனை மச்சான் என்பார்கள். அச்சொல்லைக் கேட்டு நம்மவர் சிரிப்பதுண்டு. ஆயினும் ஜிம் கார்பெட் போன்ற வேட்டைக்காரர்கள் புலிக்காகக் காத்திருந்த அந்த மச்சானும், செம்மேட்டில் சாமைக்குக் காவல் இருக்கும் பரணும் அமைப்பில் ஒன்றே.

இவ்வளவு பழக்கமான ஒன்றைப் பற்றிப் பாடம் எதற்கு என்று அன்பர்கள் கேட்கக் கூடும். பரணிலிருந்து விழுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே நமது விடை. அவ்விபத்துகள் எந்தப் பதிவேட்டிலும் தனியாக ஏறுவதில்லை. "வயலில் விழுந்துவிட்டார்" என்பதோடு முடிந்துவிடுகின்றன. பத்தடி உயரத்திலிருந்து தூக்கக் கலக்கத்தில் விழும் மனிதருக்கு இடுப்பெலும்போ முதுகெலும்போ முறிந்தால், அந்தக் குடும்பம் சாமையை மட்டுமா இழக்கிறது? செம்மேட்டிலிருந்து அடிவாரத்துக்கு இறங்க 70 கொண்டையூசி வளைவுகளைக் கடக்க வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேல்நாட்டார் இதை எவ்வாறு கருதுகிறார்கள் என்பதையும் சொல்லலாம். ஜெர்மனியில் மான் வேட்டைக்காரர்கள் மரத்தால் உயர்ந்த இருக்கைகளைக் கட்டுகிறார்கள். அங்குள்ள உழவுத் தொழில் விபத்துக் காப்பீட்டு விதி, ஒவ்வொரு முறை ஏறுவதற்கு முன்பும், குறைந்தது ஆண்டுக்கு ஒரு முறையேனும், அவ்விருக்கையையும் ஏணியையும் சோதிக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அமெரிக்காவிலும் மான் வேட்டைப் பரணிலிருந்து விழுவது வேட்டை விபத்துகளில் முக்கியமானது. அங்கே விழுகிறவர்களில் பலர் மேடையில் இருக்கும்போது விழுவதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதுமே விழுகிறார்கள். அதனால்தான் தோள், மார்பு, தொடை ஆகியவற்றைச் சேர்த்துப் பிணைக்கும் வார்ப்பட்டையை அணிந்தே ஏறும்படி அவர்களுக்குப் போதிக்கிறார்கள். இடுப்பில் மட்டும் கயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்க நேர்ந்தால் மூச்சுத் திணறும். நம் காவலர்களிடம் அத்தகைய வார்ப்பட்டை கிடையாது. ஆகவே நாம் மேடையையும் கைப்பிடியையும் ஏணியையுமே நம்பியிருக்க வேண்டும்.

இடம்

பறவைக்கு மட்டும் என்றால் புனத்தின் நடுவிலே பரண் இருப்பது நல்லது. பன்றிக்கோ அது வரும் தடம் தெரியும் ஓரத்தில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பரண் போதுமென்றால், சரிவின் மேற்பக்கத்தில், முழுப் புனமும் கண்ணில் படும் இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். பன்றிக்குப் பார்வை மந்தம், மோப்பமோ கூர்மையானது. காற்று பன்றித் தடத்திலிருந்து பரணை நோக்கி வீசுமாறு இருந்தால் அது அருகில் வரும்வரை நம்மை அறியாது. பரணிலிருந்து தடத்தை நோக்கி வீசினால், மனித வாடையே பாதிக் காவலைச் செய்துவிடும். விரட்டுவதே நம் நோக்கம் ஆதலால் இந்த இரண்டாவது முறையே நமக்கு உகந்தது. வேட்டைக்காரருக்கும் காவல்காரருக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் இருக்கிறது.

குன்றின் உச்சியில் தனித்து நிற்கும் இடம் கூடாது. இடி மின்னல் காலத்தில் அது உயிருக்கு உலை வைக்கும். எந்த இடத்தில் கட்டிய பரணாயினும், இடி முழக்கம் கேட்டவுடன் இறங்கி வீட்டுக்கோ, கூரையுள்ள கட்டடத்துக்கோ போய்விட வேண்டும். ஒற்றை மரத்தின் அடியில் ஒதுங்கக் கூடாது.

உயிருள்ள பலா மரங்கள் இரண்டையோ மூன்றையோ கால்களாகக் கொண்டு பரண் கட்டும் வழக்கம் உண்டு. செலவு குறையும் என்பது மெய்தான். ஆனால் காற்றடிக்கும்போது ஒவ்வொரு மரமும் வெவ்வேறு விதமாக ஆடும். அவற்றுக்கிடையே இறுகக் கட்டிய சட்டம் நாளடைவில் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மரமும் ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போகும். ஆகவே தன் கால்களிலேயே தனித்து நிற்கும் பரணே சிறந்தது என்பது நம் கருத்து.

மரம்

கொல்லிமலையில் மிளகுக் கொடி படர்த்துவதற்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரம் எளிதில் கிடைக்கிறது. நேராக வளரும், அறுக்கச் சுலபம். மேடைச் சட்டத்துக்கும் கூரைக்கும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் மண்ணில் நட்டால் அது அதிக நாள் தாங்காது. சவுக்கும் அப்படியே. தைலமரம் பாரம் தாங்கும். பச்சையாக அறுத்துப் பூட்டினால் காயும்போது வெடிக்கும். தேக்கு, வேங்கை, முதிர்ந்த பலா ஆகியவற்றின் வைரப்பகுதி கரையானுக்கும் ஈரத்துக்கும் ஈடுகொடுக்கும். இங்கே கவனிக்க வேண்டியது வைரம் என்னும் சொல்லை. தேக்காகவே இருந்தாலும் வெளிப்புறத்து வெள்ளைப்பகுதி விரைவில் உளுத்துவிடும். சிறு தேக்குக் கம்பு பெரும்பாலும் வெள்ளையே. "தேக்குக் கால் நட்டேன், இரண்டே வருஷத்தில் போய்விட்டது" என்று குறைப்படுகிறவர்கள் நட்டது பெயரளவில் மட்டுமே தேக்கு.

மூங்கிலைப் பயன்படுத்துவோர் மூன்றாண்டுக்கு மேல் முதிர்ந்ததை வெட்டி, இரண்டு முதல் நான்கு வாரம் நீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்த வேண்டும். அதிலுள்ள மாவுச்சத்து கரைந்துபோனால் உளுவண்டு அவ்வளவாக அண்டாது. போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த நீரில் ஊறவைப்பது இன்னும் மேலானது. ஆனால் மழை நேரே படும் இடத்தில் அம்மருந்து கரைந்து ஓடிவிடும். கூரையின் கீழ் வரும் உறுப்புகளுக்கே அது பயன்படும்.

சொந்தப் பட்டா நிலத்து மரமாயினும், வெட்டுவதற்கு முன் வனத்துறை அலுவலரிடம் கேட்டறிந்துகொள்வது உசிதம். மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதை ஒழுங்குபடுத்த 1955-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஒன்று உண்டு. பரண் கட்டப் போய் வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கால்

பரண் மேலிருந்து விழுவதில்லை, கீழிருந்து விழுகிறது. சென்ற ஆண்டின் பரண் ஒன்றை நாம் சோதித்தபோது அதன் நான்கு கால்களும் பார்வைக்குக் கல்லைப் போல் இருந்தன. தரைமட்டத்தில் கடப்பாரை நுனியை வைத்து அழுத்தினோம். ஒரு காலில் மூன்று விரற்கடை உள்ளே போயிற்று. அதன்மேல் முந்தின இரவு இருவர் படுத்திருந்தனர்.

மரம் முழுவதும் நீரில் மூழ்கிக் கிடந்தால் எளிதில் அழுகாது. முழுவதும் உலர்ந்திருந்தாலும் அழுகாது. ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் இடத்திலேதான் பூஞ்சை வேலை செய்கிறது. தரைமட்டத்துக்குச் சிறிது மேலும் கீழுமாக உள்ள ஓரடி நீளமே அந்த இடம். காலின் அடியை நெருப்பில் கருக்கி நடும் வழக்கத்தால் வரும் நன்மை குறைவு. மரம் காய்ந்து வெடிக்கும்போது அவ்வெடிப்பு வழியாக ஈரம் கரியைத் தாண்டி உட்புகும். தார் பூசுவதானால் நன்கு உலர்ந்த மரத்தில் பூச வேண்டும். பச்சை மரத்தில் பூசினால் உள்ளிருக்கும் ஈரத்தை நாமே சிறைப்படுத்தியதாகும். காலைச் சுற்றிலும் சிமெண்டுக் கலவை ஊற்றிப் புதைப்பது இன்னும் பெரிய தவறு. மரம் சுருங்கியதும் சிமெண்டுக்கும் மரத்துக்கும் இடையே ஒரு கிண்ணம் உண்டாகி மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிமெண்டு போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் அதை யாரும் சோதிப்பதுமில்லை.

சரியான முறை, மரத்தை மண்ணில் படவிடாமல் செய்வதே. கால் நிற்கும் நான்கு இடங்களிலும் 1½ அடி சதுரமும் 2½ அடி ஆழமும் உள்ள குழி எடுத்து, 1 பங்கு சிமெண்டு, 2 பங்கு மணல், 4 பங்கு ஜல்லி சேர்த்த கலவையால் நிரப்பி, தரைக்கு மேலும் அரை அடி எழுப்ப வேண்டும். கலவை ஈரமாக இருக்கும்போதே, 2 அங்குல அகலமும் கால் அங்குலக் கனமும் உள்ள பட்டை இரும்புகள் இரண்டை எதிரெதிராக நிறுத்தி, 1½ அடி உள்ளே போகவும், 1 அடி வெளியே நிற்கவும் செய்ய வேண்டும். மேற்பரப்பைச் சற்றுக் குவிந்ததாகப் பூசினால் தண்ணீர் தேங்காது. மரக்கால் அவ்விரு இரும்புகளுக்கும் நடுவே நின்று இரண்டு போல்ட்டுகளால் பூட்டப்படும். இவ்வாறு அமைந்த ஒவ்வொரு அடித்தளமும் ஏறத்தாழ 450 கிலோ எடை இருக்கும். ஆடிக் காற்று பரணைப் புரட்ட முயன்றால் அந்த எடையே அதைப் பிடித்து நிறுத்தும். நான்குக்கும் சேர்த்து சுமார் 5 மூட்டை சிமெண்டு செலவாகும். இடையிடையே சுத்தமான கருங்கற்களை இட்டு நிரப்பினால் அதிலும் குறையும். கொல்லிமலையில் கல்லுக்குப் பஞ்சமில்லை.

இதற்கு வசதியில்லாதோர் வைரம் பாய்ந்த காலை 3 அடி ஆழத்தில் நடலாம். குழியின் அடியில் அரை அடி சரளைக்கல் பரப்பி, காலைச் சுற்றிலும் சரளையும் மண்ணும் மாற்றி மாற்றி இட்டுத் திமிசு போட்டு, மேலே மண்ணைக் கூம்பாக அணைத்துவிட வேண்டும். ஆண்டுதோறும் அம்மண்ணை விலக்கிப் பார்ப்பது இவர்கள் மறக்கக் கூடாத கடமை.

அளவும் பூட்டும்

மேடை 10 அடி உயரத்தில் இருந்தால் போதும். உயரம் கூடக்கூடப் பார்வை சிறிது பெருகும். ஆபத்தோ வெகுவாகப் பெருகும். கால்கள் தரையில் 8 அடிச் சதுரமாகவும், மேடைமட்டத்தில் 6 அடிச் சதுரமாகவும் உள்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நேராக நிறுத்திய பரணைவிட இப்படிக் கால் அகட்டி நிற்பது எளிதில் சாயாது. கால்களின் கனம் 5 முதல் 6 அங்குலம். மேடையோடு நிறுத்தாமல், கைப்பிடிக்கும் கூரைக்கும் அக்கால்களையே மேலே கொண்டுபோகலாம். நிலம் சரிவாக இருந்தால் கீழ்ப்பக்கத்துக் கால்கள் நீளமாக இருக்கும். கண்ணளவாக வெட்டாமல், நீர் நிரப்பிய குழாயைக் கொண்டு மட்டம் பார்த்தே வெட்ட வேண்டும்.

நான்கு குச்சிகளை நான்கு மூலையிலும் கட்டிச் சதுரமாக்கி, ஒரு பக்கமாகத் தள்ளிப் பாருங்கள், அது படுத்துவிடும். மூலைக்கு மூலை ஐந்தாவது குச்சி ஒன்றைக் கட்டிவிட்டுத் தள்ளுங்கள், அசையாது. பஞ்சாயத்துக் கூட்டத்திலேயே இதைச் செய்து காட்டலாம். நம் பரண்களில் பெரும்பாலும் இல்லாதது இந்த ஐந்தாவது குச்சியே. காலும் உத்தரமும் எவ்வளவு பருமனாக இருந்தாலும், மூலைச்சட்டம் இல்லாத பரண் முடிச்சுகளின் இறுக்கத்தால் மட்டுமே நிற்கிறது. நான்கு பக்கங்களிலும் கத்தரி வடிவில் 3 அங்குலக் கம்புகளைப் பூட்ட வேண்டும். ஏணி வெளிப்புறத்தில் சாய்ந்திருப்பதால் அந்தப் பக்கத்தையும் விட்டுவிடத் தேவையில்லை.

மேடையைத் தாங்க எதிரெதிர்ப் பக்கங்களில் 5 அங்குலத்துக்கு 3 அங்குலம் உள்ள இரண்டு உத்தரங்களும், அவற்றின் குறுக்கே ஒன்றரை அடிக்கு ஒன்றாக 4 அங்குலத்துக்கு 2½ அங்குலம் உள்ள ஐந்து சட்டங்களும் வேண்டும். எல்லாவற்றையும் அகலம் செங்குத்தாக இருக்கும்படி நிறுத்திவைக்க வேண்டும். 4 அங்குலத்துக்கு 2 அங்குலச் சட்டம் ஒன்று படுத்திருப்பதைவிட நின்றால் இருமடங்கு பாரம் தாங்கும். வளைவதோ நான்கில் ஒரு பங்குதான். காசு செலவில்லாமல் கிடைக்கும் பலம் இது.

உத்தரம் ஆணியில் தொங்கக் கூடாது. காலில் ஓர் அங்குல ஆழம் உளியால் வெட்டி, அந்த வாயில் உத்தரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அதன்பின் 12 மில்லிமீட்டர் போல்ட்டுகள் இரண்டு, இருபுறமும் அகன்ற வாசர் வைத்து. மரம் மழையில் உப்பி வெயிலில் சுருங்குவதால் ஆணி தானாகவே வெளியேறுகிறது. காட்டுக்கொடி காய்ந்ததும் தளரும். தேங்காய்க் கயிறு மழையில் இற்றுப்போகும். நைலான் கயிறு வெயிலில் நைந்துபோகும், அதுவும் வெளியே நன்றாக இருப்பதுபோல் தோன்றிக்கொண்டே. போல்ட்டும் தளரத்தான் செய்யும். ஆனால் அதை ஒரு ஸ்பேனரால் மீண்டும் இறுக்கிவிடலாம். புதுப் பரணில் முதற்பருவம் முடிந்ததும் எல்லா நட்டுகளையும் ஒருமுறை முடுக்குவது அவசியம்.

போல்ட்டினால் இன்னொரு நன்மையும் உண்டு. சாமையை ஒரே துண்டு நிலத்தில் ஆண்டுதோறும் விதைப்பதில்லை, புனம் மாறும். மாறுகிற புனத்துக்கு எதற்குச் செலவு என்ற எண்ணத்தினாலேயே பலர் பரணை அரைகுறையாகக் கட்டுகிறார்கள். போல்ட்டால் பூட்டிய பரணைக் கழற்றி, சுமந்து சென்று, அடித்தளம் மட்டும் புதிதாக இட்டு வேறிடத்தில் நிறுத்தலாம். கால்களுக்கும் சட்டங்களுக்கும் எண் எழுதி வைத்தால் தச்சர் இல்லாமலே பொருத்திவிடலாம்.

தளத்துக்கு ஓர் அங்குலப் பலகை, இடையே சிறு இடைவெளி விட்டு. பிளந்த மூங்கில் பனியில் வழுக்கும். சுற்றிலும் 3½ அடி உயரத்தில் கைப்பிடிச் சட்டம். அதற்குப் பாதி உயரத்தில் மற்றொன்று. தளத்தின் விளிம்பில் 4 அங்குலப் பலகை. தூங்குகிறவர் உருளும்போது இந்த நடுச்சட்டமும் விளிம்புப் பலகையுமே அவரைக் காப்பவை. காவல்காரர் தூங்கக் கூடாது என்று விதி எழுதுவதைவிட, தூங்கினாலும் விழாத மேடையைக் கட்டுவது மேல். ஏணி வந்து சேரும் வாயிலில் குறுக்கே போட்டெடுக்கும் கட்டை ஒன்று வேண்டும். கூரைக்குப் புல் நல்லது. தகரம் காற்றைப் பிடித்துப் பரணை அசைக்கும்.

ஏணி

மேடை 10 அடி உயரமென்றால் ஏணியின் அடி 2½ அடி தள்ளி நிற்க வேண்டும். மேடைக்கு மேல் 3 அடி நீண்டிருந்தால்தான் இறங்கும்போது பிடித்துக்கொள்ள ஏதேனும் இருக்கும். ஆகவே ஏணியின் நீளம் 13½ அடி. படிகள் ஓரடிக்கு ஒன்று. வாய் வெட்டி உட்காரவைத்துப் பூட்டியவை. ஏணியின் தலை மேடையோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். ஏறுகிறவர் இரு கைகளாலும் பிடித்தே ஏற வேண்டும். தகரம், விளக்கு, சோற்றுத் தூக்கு ஆகியவற்றைக் கீழே வைத்துவிட்டு, மேலே போனபின் கயிற்றால் இழுத்துக்கொள்ளலாம். கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் டார்ச்சுடன் பனியில் ஏறுவதுதான் நம்மவர் வழக்கம். அந்த வழக்கத்தை விட வேண்டும்.

குளிருக்காகப் பரணின் அடியில் தீ மூட்டுவோரும் உண்டு. புல் கூரைக்கும் காய்ந்த மரத்துக்கும் கீழே நெருப்பு எதற்கு? பத்தடி தள்ளி, காற்று போகும் பக்கத்தில் மூட்டலாம்.

கட்டி முடிந்ததும் மனிதர் ஏறுமுன் மூட்டைகள் ஏறட்டும். 50 கிலோ மண் நிரப்பிய சாக்குகள் ஆறினை மேடைமேல் பரப்பி ஓர் இரவு விட்டுவைத்து, காலையில் ஒவ்வொரு பூட்டையும் பார்க்க வேண்டும். இருவர் காவலுக்கு 300 கிலோ எதற்கு என்று கேட்க வேண்டாம். பன்றி வந்துவிட்டது என்று கூச்சல் எழுந்தால் ஐந்து பேர் ஏறுவார்கள்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

கொல்லிமலையில் பஞ்சாயத்துகளுக்கு வளவந்திநாடு, வளப்பூர்நாடு, அரியூர்நாடு என்று நாடு என்னும் பெயரே இன்றும் வழங்குகிறது. நாட்டார் கூடி முடிவு செய்வது அங்கே புதிதன்று. பரண் விஷயத்திலும் அந்தக் கூட்டு முடிவு தேவைப்படுகிறது. காரணம் இதுதான்: ஒரு காலத்தில் மலைமுழுதும் பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, செந்தினை, மூக்கன்தினை என்று பலவகைச் சிறுதானியங்கள் விளைந்தன. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி அவற்றின் இடத்தைப் பிடித்தது. டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இம்மலையில் சிறுதானியங்களை மீட்கும் பணியில் ஈடுபட்டு வந்திருக்கிறது. ஊரெல்லாம் தினை இருந்தபோது கிளி தின்றது ஊரார் எல்லோருக்கும் பங்காயிற்று. இரண்டே பேர் தினை விதைத்தால் மொத்தக் கிளியும் அந்த இரண்டு புனத்துக்கே வரும். காவலுக்கு ஆளில்லாதவர் அடுத்த ஆண்டு தாமும் மரவள்ளிக்கு மாறுகிறார்.

ஆகவே அடுத்தடுத்துள்ள நான்கைந்து புனத்தார் ஒரே வாரத்தில் விதைத்து, ஒரே உறுதியான பரணைப் பொதுவில் கட்டி, முறைபோட்டுக் காவல் இருப்பதே சிக்கனம். தனித்தனியே கட்டும் நான்கு அரைகுறைப் பரண்களின் மரமும் உழைப்பும் ஒரு நல்ல பரணுக்குத் தாராளமாகப் போதும். ஒருவருக்கு வாரத்தில் இரண்டு இரவு விழித்தால் போதும் என்னும்போது தூக்கக் கலக்கமும் குறைகிறது. பயிர்ச்சேதம் நேர்ந்துவிட்டால், தடம் அழியுமுன் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் தெரிவித்து இழப்பீடு கோர வேண்டும். நாள்தோறும் காவற்குறிப்பு எழுதி வைத்திருப்போருக்கு அப்போது அது துணைசெய்யும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் வார்டிலுள்ள பரண்களை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் காற்று தொடங்குமுன் ஒருமுறை சுற்றி வருவது நல்லது. கையில் ஒரு கடப்பாரையும் ஒரு சுத்தியலும் போதும். தரைமட்டத்தில் குத்திப் பார்க்க வேண்டும். காலைத் தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று ஒலித்தால் உள்ளே உளுத்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். ஏணிப்படி ஒவ்வொன்றையும் கீழிருந்தே இழுத்துப் பார்க்கலாம். தேறாத பரணில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட்டு, உரியவரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும்.

அறுவடை முடிந்தபின் ஏணியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து மழைபடாத இடத்தில் வைக்க வேண்டும். ஏணி நெடுநாள் உழைக்கும்; ஆடு மேய்க்க வரும் சிறுவர்கள் ஆளில்லாத பரணில் ஏறவும் வழியிராது.